சுழி அடையாமல் ஒரு சைக்கிள் கையிதழ்

நேயர்களுக்கு வணக்கம். பஞ்சர் கடை வாசலில் தொங்கும் பழைய டயரில் வெள்ளை பெயின்டால் எழுதிய எழுத்து, வாடகை சைக்கிளின் மட்கார்டில் போட்ட எண், செயின் கவரில் சொந்தக்காரர் பெயர். இவற்றைப் படமாக வரைந்து, வாசகத்தையும் கையாலேயே எழுதி, 16 பக்கத்தில் நாமே ஜெராக்ஸ் எடுத்து வெளியிடுவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மேலை நாடுகளில் இதை ஸீன் (zine) என்பார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் கையிதழ் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வேலையில் எஜமான் ஜெராக்ஸ் மெஷின். அதற்குப் பிடிபடாத கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரதியில் வராது. பென்சில் நிழல் பாதி மறைந்து பாதி அழுக்காக விழும். பவுன்டன் பேனா மை வெளிறிப்போகும். கறுப்பு இந்தியன் இங்க், அல்லது நிறமி மை கொண்ட வரைபேனா, இரண்டில் ஒன்று வேண்டும். வெளிர்நீலப் பென்சிலால் அடிக்கோடு போட்டால் பெரும்பாலும் அழிக்கத் தேவையிருக்காது; மெஷின் அதைக் கண்டுகொள்ளாது.

இதழ் ஏ5 அளவில், அதாவது ஏ4 தாளில் பாதியாக, வரப்போகிறது என்றால் மூலத்தை ஏ4 அளவில் வரைந்து, 71 சதவீதமாகச் சுருக்குங்கள். கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கும், அதுதான் லாபம். கோடும் மெலியும் என்பதை மறந்துவிடக் கூடாது. 0.5 மில்லிமீட்டர் கோடு 0.35 ஆகும், அது நிற்கும். 0.3 கோடு 0.2 ஆகி அங்கங்கே அறுந்துபோகும். போக்ஸ் கம்பிகளுக்கு 0.5 பேனா, பிரேமின் வெளிக்கோட்டுக்கு 0.8 என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

தமிழ் எழுத்தில் தொல்லை வேறு மாதிரி. ண, ஞ, ழ, இ போன்ற எழுத்துகளில் சுழியும் வளைவும் நெருக்கமாக இருக்கும். தடித்த பேனாவில் சிறிதாக எழுதினால் பிரதியில் சுழி அடைபட்டு மைப்பொட்டாகிவிடும். ஏ4 மூலத்தில் எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கோட்டின் தடிமன் அந்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். வெட்டுமுனைப் பேனாவில் எழுதுகிறவர்கள் சுழிகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் திறந்தே விடவேண்டும். டயர் எழுத்தைப் போலச் செங்குத்தாக அடுக்கும்போது ப, ஞ், ச, ர் என்று முழு எழுத்தாகப் பிரியுங்கள். புள்ளியையும் கொம்பையும் தனி வரியில் தள்ளினால் படிக்க முடியாது. பழைய பலகையைப் பார்த்து எழுதினால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களைக் கண்ட மாதிரியே பதிவு செய்யுங்கள். திருத்தி எழுதினால் பதிவு என்ற பெயருக்கே அர்த்தமில்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்கும் உலோகக் கம்பெனி வில்லையைப் பார்த்து வரைவதைவிட, மெல்லிய தாளை மேலே வைத்து மென்பென்சிலால் தேய்த்து எடுத்து, பிறகு மையால் தீட்டுவது நல்லது.

சைக்கிள் வரைவது சுலபம் என்று நினைக்காதவர் இல்லை. நினைவிலிருந்து வரையச் சொன்னால் செயினை முன்சக்கரத்தோடு கோர்த்துவிடுகிறவர்கள் நிறைய; 2006இல் லிவர்பூலில் நடந்த உளவியல் ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி வரையுங்கள். சாதாரண 28 அங்குல வண்டியில் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகள். அவை ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்தின், நட்ட நடுவுக்குப் போவதில்லை, அதன் விளிம்பைத் தொட்டு ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். 40 கோட்டையும் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கே கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். பல்சக்கரம் வலப்பக்கம், அதனால் வண்டி வலப்புறம் நோக்கி நிற்கும்படி வரையவேண்டும். கணினியில் படத்தை இடவலம் புரட்டினால் செயின் தப்பான பக்கம் போய்விடும்.

இனிப் பக்கம் அமைப்பது. 16 பக்கத்துக்கு நான்கு ஏ4 தாள். பேனாவைத் தொடும் முன் நான்கு வெற்றுத்தாளை மடித்துச் செருகி, பக்க எண் எழுதி ஒரு டம்மி செய்துகொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் முதல் பக்கத்துக்கு அருகில் 16, இரண்டுக்கு அருகில் 15 என்று, எந்தத் தாளில் எந்தப் பக்கமானாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17 வரும். வரவில்லை என்றால் அடுக்கு தப்பு. இருபக்க அச்சில் தாளைக் குட்டைப் பக்கமாகத் திருப்பச் சொல்லவேண்டும். நீளப் பக்கமாகத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகும், கடையில் அதிகம் வீணாவது இதனால்தான். 50 பிரதிக்கு 200 தாள் போதும், கழிவுக்குப் பத்துப் பதினைந்து சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே தாளில் விரியும் இரட்டைப் பக்கம் நடுவில் உள்ள 8-9 மட்டுமே. மற்ற இரட்டைப் பக்கங்களில் இடப்பாதி ஒரு தாளிலும் வலப்பாதி வேறு தாளிலும் இருக்கும். வண்டியை அங்கே குறுக்கே போட்டால் குறுக்குக் கம்பி முறிந்ததுபோல் தெரியும். முழு சைக்கிளை நடுப்பக்கத்துக்கே ஒதுக்குங்கள். அச்சில் சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டு ஹப்புக்கும் இடையே பதினாறரை. வண்டியின் மொத்த நீளம் இருபத்தாறரை ஆகும், 29.7 சென்டிமீட்டர் அகலத்தில் அளவாக உட்காரும். மடிப்பு பல்சக்கரத்துக்குச் சற்று முன்னால், இரண்டு சக்கரத்துக்கும் இடையிலேயே விழும். மூலத்தை ஏ3 தாளில் வரையவேண்டியிருக்கும்.

பின் அடிக்கும் இடம் மேலிருந்தும் கீழிருந்தும் சுமார் 5 சென்டிமீட்டர். நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையென்றால் சாதாரண ஸ்டேப்ளரைத் திறந்து, அடியில் தெர்மகோல் வைத்துக் குத்தி, முனைகளைக் கரண்டிக் காம்பால் மடக்கலாம். அட்டையில் மடிப்பின்மேல் முழுக் கறுப்பு வேண்டாம். டோனர் என்கிற ஜெராக்ஸ் மைத்தூள் தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே படிந்துதான் இருக்கும். மடித்தால் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) என்றால் கறுப்பு மறுபக்கம் தெரியும், 100க்குப் போகலாம். பின் அடித்த பிறகு பைண்டிங் கடையில் ஓரத்தை வெட்டக் கொடுத்தால் மூன்று மில்லிமீட்டர் போய்விடும், பக்க எண்ணை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வையுங்கள்.

தீர்ந்துபோய் மறுபடி எடுக்கும்போது கையில் இருக்கும் பழைய பிரதியைக் கொண்டுபோய்ப் பிரதி எடுக்காதீர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் கோடு தடிக்கும், சுழி அடையும். மையால் வரைந்த மூலத்தை மடிக்காமல் ஒரு தட்டையான பைலில் வைத்துக்கொள்ளுங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேனும் எடுத்து வைத்தால் அடுத்த பதிப்பும் முதல் பதிப்பு மாதிரியே வரும். நன்றி, வணக்கம்.