மூலையில் ஒரு வெள்ளை எர்மின்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் ஓர் ஊர் தனக்கென்று கொடி வைத்துக்கொள்ளத் தடையும் இல்லை, கட்டாயமும் இல்லை. அதனால் பல ஊர்களில் என்ன நடக்கிறது என்றால், நகரமன்றம் யாரிடமாவது சொல்லி ஒரு நவீன சின்னம் வரையவைக்கிறது. அதை வெள்ளைத் துணியில் அச்சடித்துக் கம்பத்தில் மாட்டிவிடுகிறது. பார்த்தால் பெட்ரோல் பங்க் வாசலில் கட்டிய பேனர் மாதிரி இருக்கும். எனக்கு அந்த ரகக் கொடிகள் பிடிப்பதில்லை. இன்று பேசப்போகும் கொடி கடலில் அடிபட்டு வந்த கொடி. சேன் மாலோ என்ற துறைமுக ஊரின் கொடி.

பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரிட்டனி பகுதியின் வடகரையில், ரான்ஸ் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது சேன் மாலோ. சுற்றிலும் கருங்கல் மதில். ஐரோப்பாவிலேயே கடல் மிக அதிகமாக ஏறி இறங்கும் கரைகளில் இதுவும் ஒன்று. பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் 12 மீட்டருக்கும் மேல் மாறும். காலையில் நடந்து போன தீவுக்கு மதியம் படகில்தான் போக முடியும். ஓதம் வடிந்த இரவுகளில் கரை தட்டி நிற்கும் கப்பல்களைத் திருடர்களிடமிருந்து காக்க, ஒரு காலத்தில் காவல் நாய்களை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். 1770-இல் ஓர் இளம் அதிகாரியை நாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. அதோடு அந்த வழக்கம் நின்றது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய வாக்கு உண்டு: "நான் பிரெஞ்சுக்காரனும் இல்லை, பிரிட்டனிக்காரனும் இல்லை, மாலோக்காரன்." ஊர்க்கோட்டைக்குள்தான் இன்று நகரமன்றம் நடக்கிறது. அந்தக் கோட்டைக் கோபுரத்தில் தேசியக் கொடியைவிட எங்கள் கொடி உயரத்தில் பறக்கிறது என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்காட்டுவதில் அவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம்.

இந்த வீம்புக்குப் பின்னால் உண்மையான கதை இருக்கிறது. 1589-இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றி கொலையானார். அடுத்து அரியணைக்கு உரியவர் நான்காம் ஹென்றி, அவரோ புராட்டஸ்டண்ட். கத்தோலிக்க மாலோக்காரர்கள் அவரை ஏற்க மறுத்தார்கள். சரி, எதிரணியான கத்தோலிக்கக் கூட்டணியின் பிரிட்டனித் தலைவர் மெர்க்கர் கோமகனிடமாவது போனார்களா? அவருக்கும் வாசலைத் திறக்கவில்லை. 1590 மார்ச்சில் ஓர் இரவு, ஊர் இளைஞர்கள் ஐம்பது பேருக்கு மேல் கயிறு பிடித்துக் கோட்டைக் கோபுரத்தில் ஏறி உள்ளே குதித்தார்கள். மன்னரின் ஆளுநர் கொல்லப்பட்டார். ஊர் தன்னைத் தானே ஆளத் தொடங்கியது. 'சேன் மாலோ குடியரசு' என்று இன்று சொல்வது அதைத்தான். நான்காம் ஹென்றி கத்தோலிக்கராக மாறிய பிறகு, 1594-இல், வரிச் சலுகை முதலான நல்ல நிபந்தனைகளைப் பேசி வாங்கிக்கொண்டு அவருக்குப் பணிந்தார்கள். வணிகர்கள் அல்லவா!

அந்த நான்காண்டுக் கலகத்தில் பிறந்த கொடிதான் இது என்று நினைக்கத் தோன்றும். பயணிகளுக்குக் கேட்க இனிப்பான கதையும் அதுதான். ஆனால் துணியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்.

நீலப் பரப்பு. அதன் மீது விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஓடும் வெள்ளைச் சிலுவை. சிலுவை பிரித்த நான்கு கட்டங்களில், கம்பத்தை ஒட்டிய மேல் கட்டம் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் ஒரு வெள்ளை விலங்கு நடந்து போகிறது. அது எர்மின், கீரியைப் போல் நீண்ட உடல். குளிர்காலத்தில் ரோமம் வெளுத்துவிடும், வால் நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும். பிரிட்டனி கோமகன்களின் சின்னம் அது. 'கறைபடுவதைவிடச் சாவதே மேல்' என்பது அதற்குரிய வாசகம். வேட்டைக்காரர்கள் துரத்தியபோது, சேற்றில் இறங்கி ரோமத்தை அழுக்காக்க மனமில்லாமல் திரும்பி நின்ற எர்மினின் கதையும் கூடவே வரும்.

ஆக, எர்மின் பிரிட்டனியுடையது. வெள்ளைச் சிலுவை யாருடையது? பிரான்சுடையது. இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர்க்காலத்திலேயே பிரெஞ்சு வீரர்கள் தைத்துக்கொண்ட அடையாளம் அது. பிரிட்டனியின் பழைய சிலுவையோ வெள்ளையில் கறுப்பு. இரண்டும் இல்லை என்று சொல்பவர்களின் கொடியில் இரண்டுமே இருக்கிறது. இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. எப்படி வந்தது என்பதுதான் சுவையானது.

பதினான்காம் லூயி ஆட்சிக்கு வந்தபின், கடலில் யார் எந்தக் கொடியை ஏற்றலாம் என்று சட்டம் போட்டார்கள். 1661-இல் ஒன்று, 1689-இல் விரிவாக இன்னொன்று. வெண்கொடி மன்னரின் போர்க்கப்பல்களுக்கு மட்டும். வணிகக் கப்பல்கள், நாட்டின் பழைய கொடியான நீலத்தில் வெள்ளைச் சிலுவையை ஏற்றலாம். அதோடு, தங்களுக்கு ஏற்றதென்று தோன்றும் வேறு அடையாளத்தையும் வைத்துக்கொள்ளலாம். கப்பலின் பின்புறக் கொடி முழு வெள்ளையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். துறைமுக ஊர்களுக்கு இந்தச் சின்ன இடைவெளி போதுமானதாக இருந்தது. மாலோக்காரர்களின் அடையாளம் அந்தச் சிவப்பு மூலை. அக்காலக் கடற்கொடிப் படங்களில் ஊர் ஊராகக் கொடிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் சேன் மாலோ கொடியும் உண்டு. ஆக, வீரக்கதையில் வரும் சுதந்திரக் கொடிக்கு அடித்தளம், அரசரின் கப்பல் சட்டத்தில் வணிகர்களுக்குக் கொடுத்த ஒரு சலுகை!

கடலில் கொடிக்கு அலங்கார வேலை கிடையாது. தொலைநோக்கியில் தெரியும் அந்தத் துணியை வைத்துத்தான் எதிரே வருவது நண்பனா பகைவனா என்று முடிவெடுக்க வேண்டும். சேன் மாலோவின் புகழ்பெற்ற கொர்சேர்களுக்கு இது பிழைப்புச் சங்கதி. கொர்சேர் என்றால் கடற்கொள்ளையன் இல்லை. எதிரிநாட்டுக் கப்பலைப் பிடிக்க மன்னரிடம் உரிமச்சீட்டு வாங்கியவன். பிடித்த சரக்கில் மன்னருக்கும் பங்கு உண்டு. அவன் வேற்றுநாட்டுக் கொடியைக் காட்டி ஏமாற்றி நெருங்கலாம்; ஆனால் பீரங்கி வெடிப்பதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றியே ஆகவேண்டும். ஏற்றாமல் சுட்டால் பிடித்த கப்பல் கையில் நிற்காது.

இந்த ஊர்க் கடலோடிகள் நமக்கும் அந்நியர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நொடித்துப்போன பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் வணிக உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மாலோ வணிகர்கள். அவர்கள் கப்பல்கள் புதுச்சேரிக்கு வந்தன. 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த லா பூர்தொனே, 1699-இல் சேன் மாலோவில் பிறந்தவர். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயோடு அவர் போட்ட சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சாவகாசமாகப் படிக்கலாம். 1800-இல் வங்காள விரிகுடாவில் 'கென்ட்' என்ற பெரிய ஆங்கிலக் கப்பலைச் சின்னக் கப்பலில் போய்ப் பிடித்த சுர்கூஃபும் இந்த ஊர்க்காரர்தான்.

சுர்கூஃப் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. புரட்சி அரசு 1790-இல் குலச்சின்னங்களை ஒழித்தது. 1794-இல் நீலம், வெள்ளை, சிவப்பு என்ற மூவண்ணமே எல்லாப் பிரெஞ்சுக் கப்பல்களுக்கும் கொடி என்று தீர்மானித்தது. மன்னர் சட்டத்தில் இருந்த அந்த இடைவெளி அடைபட்டது. கப்பலின் பின்புறத்தில் இடம் போனபின், கொடி கரையேறி மதிலுக்கும் கோட்டைக்கும் வந்தது. கடல் அடையாளமாக இருந்தது ஊர் அடையாளமாயிற்று.

அப்புறம் 1944 ஆகஸ்ட். ஜெர்மன் படை உள்ளே அடைந்துகிடக்க, அமெரிக்கக் குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த ஊரின் பெரும்பகுதி அழிந்தது. பழைய வடிவத்தை ஒட்டியே திரும்பக் கட்டினார்கள். 1967-இல் பக்கத்து ஊர்களான சேன் செர்வானும் பராமேயும் இணைக்கப்பட்டபோது, மதிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அந்த எர்மின் சொந்தமானது.

இன்று நான்காண்டுக்கு ஒருமுறை இங்கிருந்து கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவுக்குப் பெரிய பாய்மரப் படகுப் போட்டி புறப்படுகிறது. அப்போது மதில் நெடுகக் கூட்டம், கூட்டத்தில் கையடக்கமான நீலக் கொடிகள். படகுகளிலும் கட்டுகிறார்கள், ஆனால் பாய்மரத்தின் பக்கக் கயிற்றில்தான். பின்புறக் கம்பம் மூவண்ணத்துக்கு உரியது. அதில் எந்த மாலோக்காரரும் கை வைக்க முடியாது.

நன்றி, வணக்கம்.