நடைக் கூட்டம் உடையாமல் இருக்க என்ன வழி? பெக்கோ டிரெயில் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் சுருக்கி வாசிக்கிறேன்: "அண்ணா, ஒன்றாகப் படித்த கூட்டாளிமார் ஆறு பேர் சேர்ந்து பெக்கோ டிரெயில் நடக்க ஆசைப்படுகிறோம். ஒரேயடியாக நடக்க யாருக்கும் லீவு கிடைக்காது. ஒருவனுக்கு முழங்கால் வலி. இன்னொருவன் லண்டனில் இருக்கிறான், வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவான். நீங்கள் இத்தனை வருடமாக ஒரே கூட்டமாக நடக்கிறீர்களே, எப்படி முடிகிறது? எந்த மாதம் எந்தப் பக்கம் போவது?"

முதலில், தெரியாதவர்களுக்காகப் பாதையைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலைக்குப் பக்கத்தில் தொடங்கி, மலையகத்தைச் சுற்றிக்கொண்டு போய், நுவரெலியாவில் பீட்ரு தோட்டத்தில் முடியும் பாதை இது. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். ஒரு பகுதியை ஒரு பகலில் நடந்து முடிக்கலாம். புதிதாக வெட்டிய பாதை இல்லை. துரைமார் காலத்தில் கோப்பியும் தேயிலையும் இறக்கப் போட்ட தோட்டத்து ரோடுகளும், சனங்கள் இன்றைக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கிற குறுக்குப் பாதைகளும்தான்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் நடைக் கூட்டம் கால் வலியால் உடைவதில்லை. முன்னால் போகிறவன் முன்னாலேயே போய்க்கொண்டிருப்பதால்தான் உடைகிறது. நன்றாக நடக்கிறவன் ஒரு திருப்பத்தில் நின்று காத்திருப்பான். பின்னால் வருகிறவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "சரி, போவோமா?" என்று கிளம்பிவிடுவான். பார்த்தால், களைத்தவனுக்கு ஓய்வே இல்லை, களைக்காதவன்தான் முழு ஓய்வும் எடுத்திருக்கிறான். பகல் முழுக்க இப்படி நடந்தால், அடுத்த முறை கூப்பிடும்போது அவனுக்கு "வீட்டில் வேலை இருக்கிறது" என்றுதான் சொல்லத் தோன்றும். அதனால் உங்கள் முழங்கால்காரரை முதலில் விடுங்கள். அவர் வைக்கிற அடிதான் கூட்டத்தின் அடி. நன்றாக நடக்கக்கூடிய இன்னொருவர் கடைசியில் வரட்டும். இது மட்டும் ஒழுங்காக நடந்தால் மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். வடக்கில் தொடங்கிக் கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, குமன, யால வழியாக வாரக்கணக்கில் நடக்கிறார்கள். அதில் பாட்டிமாரும் இருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு மூத்தவர் முன்னால் போவார், கூட்டம் பின்னால் போகும். வெயில் ஏறுவதற்கு முன் நடை, ஏறியதும் நிழல், சேர்ந்து சமையல். யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்ற பேச்சே அங்கே இல்லை. நீண்ட தூரம் நடக்கிற ஒழுங்கு நம் ஆட்களிடம் எப்போதோ இருந்திருக்கிறது. நாங்கள் சப்பாத்தும் முதுகுப்பையும் வாங்கியதும் அதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது திகதி. ரயிலிலோ வான் வண்டியிலோ கொழும்புக்குத் திரும்பி வரும்போதே அடுத்த நடைக்கு நாள் குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப்பில் பேசுவோம் என்று விட்டால் அது நடக்காது. குறித்த நாளை ஒருவருக்காகத் தள்ளவும் வேண்டாம், வராதவரிடம் கோபிக்கவும் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் கலியாணம், குழந்தை, வெளிநாடு என்று எல்லாம் வந்தது. கொரோனா ஊரடங்கும், 2022இல் பெற்றோல் வரிசையும் வந்தன. மலைக்குப் போக வழியில்லாத மாதங்களில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தியவன்னா ஓரத்திலும் நடந்தோம். முக்கியம் நாள் தவறாததுதான். இடம் மாறலாம்.

லண்டன் நண்பர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் முடிப்போம் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். இப்படிப் பிடிவாதம் பிடித்தால் வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர் எப்போதும் கடன்காரர் போலவே நிற்பார். அவர் வரும்போது எந்தப் பகுதி நடக்க நல்லதோ அதை அவருக்காக எடுத்து வையுங்கள். மாதம் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

மலையகத்துக்கு இரண்டு மழை. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலைப் பக்கத்தை நனைத்துவிடும். அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம், ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை எல்லாம் காய்ந்து கிடக்கும். மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வெறுங்காற்றாக இறங்குகிறதே, அதுதான் கச்சான் காற்று. வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது இது தலைகீழாகும். பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் மழை, பிறகு ஜனவரியில் இருந்து மார்ச் வரை மேற்குப் பக்கம் நல்ல வெயிலும் இரவில் குளிரும்.

இதை ஞாபகம் வைக்கத் தேயிலையைக் கேட்டால் போதும். ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவது ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை. மேற்குச் சரிவில் இருக்கிற திம்புல பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியில் இருந்து மார்ச் வரை. காய்ந்த காற்றிலும் குளிரிலும் கொழுந்து மெதுவாக வளர்வதால் வருகிற மணம் அது. தேயிலை எங்கே எப்போது மணக்கிறதோ, நடையும் அங்கே அப்போதுதான் நன்றாக இருக்கும். உங்கள் லண்டன் நண்பர் ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர் என்றால் ஹப்புத்தளையும் தம்பேதென்னயும் அவருக்கென்றே அமைந்த மாதிரி. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் எந்தப் பக்கமும் வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். மண் சரிந்த இடங்களில் பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் யாரிடமாவது பேசி, பாதை திறந்திருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டே போங்கள்.

எல்லோரும் அட்டையைப் பற்றிக் கேட்பார்கள். அட்டை கடித்தால் ஒன்றும் ஆகாது. காலுறைக்கு மேல் சவர்க்காரத்தையோ சித்தாலேப தைலத்தையோ தடவிக்கொண்டு போங்கள், போதும். நான் பயப்படுவது குளவிக்கு. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி அடிக்கடி வருகிறது, உயிரும் போயிருக்கிறது. பெரிய மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு இருக்கும். கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், சென்ட் பூசாதீர்கள். ஒருமுறை நோர்வூட் பக்கம் ஒரு அக்கா கொழுந்துக் கூடையோடு எங்களை மறித்தார். "அந்த மலைக்குப் போகாதீங்க தம்பி, நேத்துத்தான் கலைஞ்சிச்சி" என்றார். எங்கள் கைபேசியில் இருந்த வரைபடம் அந்த மலை வழியாகத்தான் போகச் சொன்னது. அக்கா கையை நீட்டிக் காட்டிய பணிய ரோட்டில் இறங்கிப் போனோம். மலையில் வேலை செய்கிறவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் விவாதம் இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு நடையை முடிக்கப் பாருங்கள். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் நிற்கிறவர் தெரியமாட்டார். பொகவந்தலாவை, டயகமப் பக்கம் சிறுத்தையும் உண்டு. எல்லப் பக்கம் போனால் ரயில் தண்டவாளத்தில் நடப்பதும் சுரங்கத்துக்குள் போவதும் கூடவே கூடாது.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வாசல் வழியாகத்தான் பல இடங்களில் பாதை போகிறது. அது சனங்களின் முற்றம். கேட்டுவிட்டுக் கடக்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்குக் கொழுந்தின் நிறை பார்த்துத்தான் கணக்கு, நின்று சிரித்துக் காட்ட நேரம் இல்லை. சாப்பாட்டைக் கொழும்பில் இருந்து கட்டிக்கொண்டு போகாமல் தோட்டத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கிச் சாப்பிடுங்கள். அந்தக் காசு அங்கேயே நிற்கட்டும்.

நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு போகிறோம், அவர்களும் தமிழில் பதில் சொல்கிறார்கள். அதனாலேயே எங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது பகுதி முடிகிற லூல்கந்துரவில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் பெயர் பலகையில் இருக்கிறது. அந்த மலையைத் துப்புரவாக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அதற்கும் முன்னால் கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டில் இருந்து மன்னார்க் கரைக்கு வந்து இறங்கியவர்கள் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்த 200 வருட நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 வரை மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடை இதற்காகத்தான். எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய அம்மா பிறந்தது தோட்டத்து லயத்தில். கொழும்பில் அவன் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. அந்தப் பக்கம் நடந்தபோதுதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வாசலைக் காட்டினான். அங்கே இருந்த பெரியம்மா அவன் முகத்தைப் பார்த்தே யாருடைய மகன் என்று சொல்லிவிட்டார். பிறகு ஆளுக்கொரு கோப்பை சாயத் தண்ணி (பால் விடாத தேநீர்), உள்ளங்கையில் சீனி.

காசு விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போதே ஆளுக்கு ஒரே தொகையை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வழியில் எந்தச் செலவும் அதில் இருந்துதான். மிச்சம் வந்தால் அடுத்த நடைக்கு.

முழங்கால்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிரமம் தரும். ஊன்றுகோல் ஒன்று வாங்கிக் கொடுங்கள், டொக்டரிடமும் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். பாதை அடிக்கடி தோட்டத்து ரோட்டைத் தொடுவதால், பாதியில் முடியாமல் போனாலும் ஓட்டோ பிடிக்கலாம். அப்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், ஒருவர் கூடவே ஏறிப் போக வேண்டும். யார் போவது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவது பெப்ரவரியில் என்றால் ஹந்தானையில் இருந்து கலஹா போங்கள். கண்டி வரை பஸ் உண்டு, கலஹாவில் இருந்து திரும்பிவரவும் பஸ் கிடைக்கும். பௌர்ணமி நாளான போயாவோடு சேர்ந்த நீண்ட லீவு என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் ஆறு பேருக்கு இடம் கிடைக்காது. ஓகஸ்ட் வரை பொறுக்க முடியும் என்றால், லண்டன்காரரையும் கூட்டிக்கொண்டு ஹப்புத்தளையில் இருந்தே தொடங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓகஸ்ட் வரை பொறுப்பேன்.