67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால்

எல்லாருக்கும் வணக்கம். பலகையில் எழுதியிருக்கிற எண்ணைப் பாருங்கள்: 147573952589676412927. மொத்தம் 21 இலக்கம். 67 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இதுதான் கிடைக்கும். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார். 232 வருஷம் கழித்து, 1876-இல், லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அது தப்பு, இது பகு எண்தான் என்று நிறுவினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று கேட்டால் அவருடைய முறையில் அதற்குப் பதில் இல்லை!

எனக்கு இந்த எண்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இந்த இடத்தில்தான். உடையும் என்பது உறுதியாகத் தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது, இரண்டும் வேறு வேறு அறிவு. இணையத்தில் ரகசியத் தகவலைப் பூட்டி அனுப்பப் பயன்படும் ஆர்எஸ்ஏ மறையாக்கமே இந்த இடைவெளியை நம்பித்தான் நிற்கிறது.

சரி, காரணியை எங்கே தேடுவது? சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047, அது 23 பெருக்கல் 89. இப்போது 2-ஐ மேலும் மேலும் இரட்டித்து, 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடியில் 1 வந்துவிட்டது, இனி அதே வரிசைதான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் 23 ஒரு பகா எண், ஆகவே ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அதைவிட ஒன்று குறைவான 22-ஆவது அடியிலும் 1 வந்தாக வேண்டும், அதனால் 22 என்பது 11-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். 89-ஐயும் பாருங்கள், ஒன்றைக் கழித்தால் 88, அதுவும் 11-இன் மடங்கு. அதே நியாயம் நம் பெரிய எண்ணுக்கும் பொருந்தும்: அதன் பகாக் காரணி எதுவானாலும் ஒற்றைப்படை, ஒன்றைக் கழித்தால் 67-இன் மடங்கு, ஆகவே 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும்.

1903 அக்டோபர் 31, நியூயார்க், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற கணிதவியலாளர் பலகைக்குப் போய், ஒரு பக்கம் இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதி, இன்னொரு பக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் கையாலேயே பெருக்கிக் காட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து உட்கார்ந்தார் என்றும் அரங்கமே கைதட்டியது என்றும் சொல்வார்கள். கண்டுபிடிக்க மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. சின்னக் காரணியே 134-இன் மடங்கு வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் இருக்கிறது, கையால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேனா இருக்கிறவர்கள் எடுங்கள், கோலின் பெருக்கல் ஒத்துப்போகிறதா என்று இலக்கங்களைக் கூட்டிச் சோதித்துப் பார்ப்போம். முதல் காரணி 37, அதைக் கூட்டினால் 10, அப்புறம் 1. இரண்டாவது 64, அதுவும் 10, 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணுக்கு 109 வரும், கூட்டினால் 10, மறுபடியும் 1, ஒத்துப்போகிறது.