மண்டியிடாத ஒரு ஜெபம்

[காட்சி: பெரிய வெள்ளி. அலங்காரம் ஏதுமில்லாத கோவில் பீடம்.]

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோவில்களில் ஒரு நீண்ட மன்றாட்டு வரிசை உண்டு. திருச்சபைக்காக, ஆட்சியாளர்களுக்காக, துன்பப்படுகிறவர்களுக்காக என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் முழங்காலிடுவார்கள். யூதர்களுக்கான ஜெபம் வந்தால் மட்டும் யாரும் மண்டியிட மாட்டார்கள். பல நூற்றாண்டுகளாக, 1955 வரை இப்படித்தான். அந்த லத்தீன் ஜெபத்தில் அவர்களுக்கு 'பெர்ஃபிதிஸ்' என்று ஓர் அடைமொழி வேறு. விசுவாசம் இல்லாதவர்கள் என்பது பழைய பொருள். கேட்டவர்கள் காதில் விழுந்ததோ துரோகிகள் என்றுதான்.

ஏன் மண்டியிடவில்லை? இயேசுவின் முன் மண்டியிட்டுக் கேலி செய்தவர்கள் யூதர்கள், அதனால் நாம் மண்டியிடுவதில்லை என்று ஒரு விளக்கம் சொன்னார்கள்.

[காட்சி: மத்தேயு 27:27-29]

சரி, நற்செய்தியைத் திறந்து பாருங்கள். மண்டியிட்டுக் கேலி செய்தவர்கள் ஆளுநரின் படைவீரர்கள். ரோம அரசின் படையாட்கள்!

இந்த மாதிரி பிழைகளைப் பென்சிலோடு உட்கார்ந்து தேடியவர் ஜூல் இசாக். 1877இல் பிரான்ஸின் ரென் நகரில் பிறந்த யூதர், சரித்திர ஆசிரியர். அங்கே பள்ளிக்கூடம் போன பல தலைமுறைகளுக்கு அவர் பெயர் பாடப்புத்தக அட்டையிலேயே பழக்கம். மதச் சடங்குகளில் அவருக்குப் பெரிய பிடிப்பு இல்லை.

அப்படியென்றால் அவர் எப்படி யூதர்? யூதர் என்பது மதம் மட்டுமல்ல, ஒரு மக்கள் கூட்டமும்கூட. சிலருக்கு அது சபாத் நாளின் ஓய்வு, சிலருக்குத் தாய்வழி வந்த பிறப்பு, சிலருக்குப் பாட்டி சொன்ன கதைகள். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் தன்னை யூதர் என்று சொல்வதில் அவர்களுக்கு முரண்பாடு தெரிவதில்லை. ஆனால் 1940 அக்டோபரில், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு போட்ட சட்டம் யாரையும் கேட்கவில்லை. தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணியது. இசாக் வேலையை இழந்தார்.

1943 அக்டோபரில் அவருடைய மனைவியையும் மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நேரம் அவர் வெளியே போயிருந்தார். இருவரும் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து திரும்பவில்லை. எடுத்த வேலையை முடியுங்கள் என்று மனைவி ஒரு சீட்டு அனுப்பியிருந்தார்.

அந்த வேலை என்ன? நாஜிகளின் வெறுப்பு இனவெறி. அதைச் சர்ச் உண்டாக்கவில்லை. ஆனால் அது விழுந்த மண்ணை உழுதது யார் என்று இசாக் கேட்டார். ஒரு பக்கம் நற்செய்திகள், மறுபக்கம் ஞானோபதேசப் புத்தகங்களும் பிரசங்கங்களும். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டார். மூலத்தில் இல்லாத வெறுப்பு பாடத்தில் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'இகழ்ச்சியின் போதனை'. பாடப்புத்தகம் எழுதியவருக்குத்தான் இது தோன்றும்: சொல்லிக்கொடுத்து வந்த ஒன்றை, வேறு மாதிரி சொல்லிக்கொடுத்து மாற்றலாம்.

1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க்கில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் கூடி, கிறிஸ்தவ ஆசிரியர்களுக்காக 10 குறிப்புகள் எழுதினார்கள். இயேசு யூதத் தாய்க்குப் பிறந்தவர், முதல் சீடர்களும் யூதர்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. துரோகியை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடரின் பெயரால் 'யூதாஸ்' என்று திட்டுகிற நாம், தலைமைச் சீடர் பேதுருவும் யூதர்தான் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

[காட்சி: வத்திக்கான், 1960]

அப்புறம் மாற்றங்கள் மெல்ல வந்தன. 1955இல் முழங்காலிடுவது திரும்பியது. 1959இல் போப் 23ஆம் யோவான் அந்த 'பெர்ஃபிதிஸை' எடுத்தார். 1960 ஜூன் 13 அன்று, 82 வயது இசாக் ஒரு கோப்போடு அவரைச் சந்தித்தார். கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாமா என்று கேட்டவருக்கு, நம்பிக்கையைவிட அதிகமாகவே கிடைக்கும் என்பது போல் பதில் வந்தது. அந்தக் கோப்பின் வேலை வத்திக்கானின் கர்தினால் பேயாவின் கைக்குப் போனது.

1965 அக்டோபர் 28: 'நோஸ்த்ரா ஏதாத்தே', மற்ற மதங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை. ஆயர்கள் போட்ட ஓட்டில் ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. இயேசுவின் சாவுக்கான பழியை அன்றிருந்த எல்லா யூதர்மீதும் போடக்கூடாது, இன்றிருப்பவர்கள்மீது போடவே கூடாது என்றது. எனக்கு ஒரு குறை உண்டு: அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. 1986இல் போப் 2ஆம் யோவான் பவுல் ரோம் நகரின் யூத ஜெப ஆலயத்துக்குப் போய் 'எங்கள் மூத்த சகோதரர்கள்' என்றபோதுதான் குரலில் நெருக்கம் வந்தது.

இசாக் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1963இலேயே இறந்துவிட்டார்.

[காட்சி: மீண்டும் அதே பீடம்]

பெரிய வெள்ளி மன்றாட்டு இன்றும் இருக்கிறது. நம் கோவில்களில் தமிழிலேயே கேட்கலாம். யூதர்களுக்கான முறை வரும்போது, கடவுள் முதலில் பேசியது இவர்களோடுதான் என்கிறது அது.