28 ஒலிம்பிக் நாணயமும் ஒரு 15 டாலர் பெட்டியும்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் "வெள்ளி விலை இறங்கும்வரை எதுவும் வாங்க மாட்டேன்" என்று சொன்னேன். அதைக் கமெண்டில் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். வாங்கிவிட்டேன். கனடா வெளியிட்ட மான்ட்ரியல் ஒலிம்பிக் வெள்ளி நாணய செட், முழுசாக, 28 நாணயமும்.

இதோ பாருங்கள், இந்தப் பெரியது 10 டாலர் என்று அச்சிட்டது. 48.6 கிராம், குறுக்களவு 45 மில்லிமீட்டர். கையில் வைத்தால் வெயிட் தெரியும். இது 5 டாலர், சரியாக அதில் பாதி, 24.3 கிராம். 1976 ஒலிம்பிக்குக்குப் பணம் திரட்ட 1973-இல் ஆரம்பித்து ஏழு தொடராக வெளியிட்டார்கள், தொடருக்கு நாலு. எல்லாம் 92.5 சதவீத வெள்ளி. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பெரியவர் தன் அப்பாவின் சேகரிப்பை விற்கிறார் என்று தகவல் வந்தது, போனேன். உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைக்கும் கொஞ்சம் கீழே கொடுத்தார். நல்ல மனிதர், டீ எல்லாம் போட்டார்.

ஆனால் அந்தப் பெட்டி! நாணயங்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. விலை பேசி முடிந்து பணத்தை எண்ணும்போது, "தம்பி, பெட்டிக்குத் தனியாக 15 டாலர்" என்கிறார். பெட்டி இல்லாமல் 28 நாணயத்தை எதில் கொண்டுபோவேன்? சோற்றுப் பார்சல் பையிலா? பத்து தருகிறேன் என்றேன். பதினைந்து என்றார். சரி, பன்னிரண்டு என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் பதினைந்து. இத்தனைக்கும் ஒரு பக்கம் கீல் ஆடுகிறது, பூட்டுக்குச் சாவி கிடையாது. கொடுத்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் வெள்ளிக்குக் கொடுத்தது உறைக்கவில்லை, இந்தப் பதினைந்துதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் எதை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். உலக வரைபடம் போட்ட 10 டாலர். அது முதல் தொடர், ராணி படம் உள்ள பக்கத்தில் 1973 என்று இருக்க வேண்டும். மின்டில், அதாவது நாணயம் அடிக்கும் சாலையில், அச்சு மாறி, அதே வரைபடத்தோடு 1974 என்று போட்ட ராணி பக்கம் சேர்ந்து சில நாணயங்கள் வெளியே போயிருக்கின்றன. அது கிடைத்தால் பெரிய விலை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 1973. சரி, பரவாயில்லை. நீங்களும் வீட்டில் இருந்தால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

இப்போது எனக்கு எரிச்சல் வந்த கதை. ஒரு டீலரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம் என்று எடுத்துப்போனேன். கடை பேர் வேண்டாம். அவர் ஒரு நாணயத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மொத்தத்தையும் தராசில் கொட்டினார். கொட்டினார் மக்களே! "30.35 அவுன்ஸ், இன்றைய ரேட்டில் இவ்வளவு, அதில் எட்டு சதவீதம் கழிவு." கணக்கு சரிதான், வெள்ளிக்கு ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், 28 நாணயத்திலும் சேர்த்து அவ்வளவு சுத்த வெள்ளிதான் இருக்கிறது. அதற்காக இப்படியா? மான்ட்ரியல் நகரத்தை ஒரு நாணயத்தில் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதன்மேல் இன்னொரு நாணயம் விழுந்து கோடு போட்டால் போச்சு. பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று, அவர் தராசு சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. நகைக்கடையில் செய்கூலி கொடுத்து வாங்குகிறோம், விற்கும்போது அந்தக் கூலி திரும்பி வருகிறதா? கனடா மின்டின் நினைவு நாணயங்களும் அப்படித்தான். வர்ணம் பூசியது, சூப்பர்மேன் நின்றது, 2011-இல் கண்ணாடி வண்டு உட்கார்ந்த டூலிப் பூ, எல்லாவற்றுக்கும் செய்கூலி பல மடங்கு. எனக்கு வர்ணமே ஆகாது, தெரியும் உங்களுக்கு. வெள்ளிக்குப் பெயின்ட் அடிப்பது எதற்கு? செதுக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கும்போது?

நான் காட்டிக்கொண்டே இருப்பேனே, 1981 ரயில் டாலர், 1982 ரெஜைனா நகர நூற்றாண்டு டாலர். ரெஜைனா டாலரில் காட்டெருமை மண்டையோடு. அந்த ஊர் எழுந்த இடத்தில் ஒருகாலத்தில் காட்டெருமை எலும்புகள் குவிந்து கிடந்தன. எவ்வளவு தைரியமான படம்! ஆனால் 1971-லிருந்து 1991 வரை வந்த வெள்ளி டாலரில் பாதிதான் வெள்ளி. 1992-இல்தான் 92.5-க்குப் போனார்கள். எல்லாம் ஒரே டாலர் என்று நினைத்து எடை விலை கணக்குப் போடாதீர்கள். 50 சதவீத டாலரில் 0.375 அவுன்ஸ்தான் வரும்.

அட, வரி சொல்ல மறந்துவிட்டேன், பெட்டியோடு சேர்த்துச் சொல்ல நினைத்தது. கடையில் வாங்கினால் ஒன்டாரியோவில் 13 சதவீதம் எச்எஸ்டி, விற்பனை வரி. வெள்ளி 99.9 சதவீத சுத்தம் இருந்தால் அது விலை உயர்ந்த உலோகம் என்ற கணக்கில் வந்துவிடும், வரி இல்லை. இந்த ஒலிம்பிக் நாணயங்கள் 92.5 என்பதால் அந்தச் சலுகையில் வராது. நான் தனி ஆளிடம் வாங்கியதால் அந்த 13 மிச்சம். அதில் பதினைந்து டாலர் பெட்டிக்குப் போனது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி நிறைய வருகிறது: "20 டாலருக்கு 20 டாலர்" நாணயங்களை என்ன செய்வது? 2011-இல் மின்ட் ஆரம்பித்தது. 20 கொடுத்தால் 20 என்று அச்சிட்ட சுத்த வெள்ளி, 7.96 கிராம், நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பவுன் எடை. வரிசையில் நின்று வாங்கினார்கள். 2015 வாக்கில் அதற்குள் இருந்த வெள்ளி ஐந்து டாலர்தான் பெறும். செலவழிக்கலாம் என்று ஒருவர் வங்கிக்குப் போனார், கிளையில் வாங்க மறுத்தார்கள் என்று எனக்கு எழுதியிருந்தார். கடைக்காரரிடம் நீட்டினாலும், 10 டாலருக்கு மேற்பட்ட நாணயமென்றால் ஒரு பில்லுக்கு ஒன்றுதான் என்று சட்டமே சொல்கிறது.

நான் அதைக் கிண்டல் செய்து வீடியோவே போட்டேன். இப்போது காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 78. வெள்ளி ஒரு அவுன்ஸ் 78 கனடா டாலரைத் தாண்டினால் அந்த நாணயத்தின் வெள்ளி 20 டாலருக்கு மேல். தாண்டாதவரை முகமதிப்புதான் உங்கள் தரைமட்டம், அதற்குக் கீழே விற்காதீர்கள். படம் பிடித்திருந்தால் வைத்திருங்கள். எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

கனடாவின் 1948 வெள்ளி டாலரும் கேட்கிறீர்கள், வாரா வாரம் கேட்கிறீர்கள். இல்லை, என்னிடம் இல்லை. 18,780 தான் அச்சிட்டார்கள். இந்தியா சுதந்திரம் வாங்கியதும் நாணயத்தில் ராஜா ஆறாம் ஜார்ஜ் பெயருக்குப் பின்னால் இருந்த "இந்தியப் பேரரசர்" பட்டத்தை எடுக்க வேண்டி வந்தது, புது அச்சு வரத் தாமதம், அதற்குள் 1947 என்றே போட்டு ஒரு சின்ன மேப்பிள் இலையைச் சேர்த்து அடித்தார்கள். அந்த இலை போட்ட நாணயமும் என்னிடம் இல்லை. விலையைப் பார்த்தீர்களா?

சரி, கடைசியாக இந்த ஒன்று. கேமராவில் தெரிகிறதா, பச்சையாக, பிசுபிசுப்பாக? யாரோ இந்த ஒரு நாணயத்தை மட்டும் பழைய பிவிசி உறையில் போட்டிருக்கிறார்கள், பிளாஸ்டிக் கசிந்து ஒட்டியிருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சுத்த அசிட்டோனில் ஊறவைக்கப்போகிறேன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். தேய்க்கவே கூடாது, பற்பசை கிற்பசை பக்கம் போகாதீர்கள். அடுத்த வீடியோவில் அதைக் காட்டுகிறேன். கீல் மாற்றத் தெரிந்த யாராவது இருந்தால் அளவு போடுகிறேன், கமெண்டில் சொல்லுங்கள், ஆனால் பதினைந்து டாலருக்குக் குறைவாக.