ஒரே பக்கம், ஏழு குழம்பு

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

என் அம்மா சமையல் குறிப்புகளைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். மத்தியானம் வானொலியில் பெண்களுக்கான நிகழ்ச்சி வரும். கையில் கிழித்த தாளும் குட்டைப் பென்சிலுமாக ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். குறிப்பு சொல்பவர் அளவுகளை நிறுத்தி இரண்டு தடவை சொல்வார். அப்படியும், வாசலில் யாராவது கூப்பிட்டால் ஒரு வார்த்தை போய்விடும். அம்மா அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அவர் காலமான பிறகு அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடைத்தன. அதிரசம் என்று தலைப்பிட்ட தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘வெல்லப் பாகு’, அப்புறம் கொஞ்சம் காலி இடம், அப்புறம் ‘பதம் வந்ததும் மாவைக் கொட்டவும்.’ எந்தப் பதம் என்பதுதான் விட்டுப்போன வார்த்தை. அதிரசத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான் உயிர். இரண்டு தீபாவளிக்கு முயற்சி செய்தேன். இரண்டு தடவையும் எண்ணெயில் போட்டது பிரிந்துபோனது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் நான். பதம் என்றால் சொல். செய்யுளைப் பதம் பிரித்துப் படி என்போம். பதம் என்றால் பக்குவமும்கூட. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். புத்தகத்தில் இருப்பது ஒரு பதம், அடுப்பில் வருவது இன்னொரு பதம். முதல் பதத்திலிருந்து இரண்டாவதற்குப் போக, பக்கத்தில் நான்கு பேர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் எங்கள் தெருவில் ஒரு சமையல் புத்தக வட்டம் தொடங்கியது அப்படித்தான்.

நாங்கள் செய்வது எளிமையானது. எல்லோரும் ஒரே புத்தகத்தை வாசிக்கிறோம். ஆளுக்கு ஒன்றாக அதிலிருந்து சமைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துச் சாப்பிட்டபடி புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். அமெரிக்காவில் பல பொது நூலகங்களில் இப்படிக் குழுக்கள் நடக்கின்றன. நம் ஊரில் நாவலுக்கும் கவிதைக்கும் வாசிப்பு வட்டம் இருக்கிறது. சமையல் புத்தகத்தை உட்கார்ந்து வாசிக்க வேண்டிய நூலாக நாம் இன்னும் நினைக்கவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஏனென்றால் சமையலை நூலாகப் பார்த்தது தமிழில் பழைய வழக்கம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற அரசன் பாணர்களுக்கு விருந்து வைக்கிறான். அந்தச் சாப்பாட்டை, அதைப் பாடிய புலவர் நத்தத்தனார் ‘பனுவலின் வழாஅப் பல்வேறு அடிசில்’ என்கிறார். பீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலிலிருந்து கொஞ்சமும் வழுவாத உணவு என்று பொருள். மணிமேகலையில், நாடக மகளிர் கற்க வேண்டிய கலைகளின் வரிசையில் மடைநூல் வருகிறது. மடைநூல் என்றால் சமையல் நூல். யாழுக்கும் குழலுக்கும் அடுத்து அது உட்கார்ந்திருக்கிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைச் சமையல் சுவடி சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது; சரபேந்திர பாகசாஸ்திரம் என்று அச்சாகியும் இருக்கிறது.

சரி, வட்டத்துக்கு வருகிறேன். முதல் புத்தகமாக எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலை எடுத்தோம். 1951-இல் வந்தது. கூட்டுக் குடும்பத்தை விட்டு, கணவரின் வேலையை ஒட்டித் தூர ஊர்களுக்குப் போன பெண்கள் பலர் இதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாத அடுப்படிக்கு அந்தப் புத்தகம் போய் நின்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அம்மாளை நான் கும்பிடுவேன்.

முதல் கூட்டத்துக்கு நாங்கள் ஏழு பேர். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர், மனைவி போன பிறகு அறுபத்தைந்து வயதில் சமையல் கற்றுக்கொள்கிறார். ஒரு நர்ஸ். கல்யாண வீடுகளில் சமைக்கும் மாஸ்டர் ஒருவர். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. பாலக்கரையிலிருந்து வரும் ஓர் அக்கா. பக்கத்து வீட்டு மாமி. அப்புறம் நான். வழக்கமாக ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்றாலும், அன்றைக்கு மட்டும் ஏழு பேரும் ஒரே பக்கத்தைப் பார்த்து வத்தக்குழம்பு வைப்பது என்று முடிவு செய்தோம்.

ஏழு தூக்குவாளிகளைத் திறந்தோம். ஏழும் வேறு வேறு குழம்பு. ஒன்று ரசம் மாதிரி. ஒன்று தொக்கு. நர்ஸ் அக்காவுடையது கறுப்பு, மாமியுடையது செம்மண் நிறம். தம்பியின் குழம்பில் கசப்பு. “நான் புக்ல உள்ளபடிதான் வெச்சேன், டீச்சர்” என்றார் ஏழு பேரில் ஆறு பேர். எல்லோரும் சொன்னது உண்மைதான்.

அப்போது மாஸ்டர் ஒரு வேலை செய்தார். “புளி எலுமிச்சங்காய் அளவு எடுத்தோம்ல, எல்லாரும் இப்ப உருட்டிக் காட்டுங்க” என்றார். ஏழு உருண்டைகளைத் தராசில் வைத்தோம். சிறியது 18 கிராம், பெரியது 46 கிராம். அவரவர் வீட்டுக்கு வரும் எலுமிச்சை அவரவருக்கு அளவு! அதோடு, மாமி தான் பழம்புளி போட்டதாகவும், நர்ஸ் அக்கா தான் அந்த வருஷத்துப் புதுப்புளி போட்டதாகவும் நினைத்திருந்தார்கள். நிறத்தைப் பார்த்ததும் மாற்றித்தான் நடந்திருக்கிறது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். புளி பழையதாக ஆக ஆகக் கறுக்கும். புதுப்புளிக் குழம்புதான் சிவந்து நிற்கும். தம்பியின் கசப்புக்குக் காரணம் வெந்தயம். சிவக்க வறுக்க வேண்டியது அரை நிமிஷம் கூடிக் கருகியிருக்கிறது.

அன்று சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அத்தனை வருஷம் வகுப்பறையில் ஒரு வரிக்கு இத்தனை உரை நடந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் அளவுகளில் மாட்டிக்கொண்டோம். நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958-இலிருந்துதான் படிப்படியாக வந்தன. அதற்கு முந்தைய சமையல் நூல்கள் படி, ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்றுதான் பேசும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஒரு ரூபாய் எடை என்பது ஒரு தோலா, 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், ஏறக்குறைய 35 கிராம். இதுவரை கணக்கு சுலபம். ஆனால் படி ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. மூன்று வீட்டுப் பித்தளை ஆழாக்கைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி அளந்தோம். ஒன்று 165 மில்லி, ஒன்று 180, ஒன்று 200.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் தண்ணீரும் ஒரே ஆழாக்கால் அளந்தால் ஒன்றும் ஆகாது, விகிதம் மாறாது. இடிப்பது எங்கே தெரியுமா? அரிசி ஆழாக்கிலும் வெல்லம் பலத்திலும் சொல்லியிருக்கும் இடத்தில். ஒன்று கொள்ளளவு, இன்னொன்று எடை. ஆழாக்கு பெரிதாக இருந்தால் அரிசி கூடும், வெல்லம் மட்டும் அப்படியே நிற்கும். இனிப்பு குறையும், பதம் கெடும். பழைய புத்தகத்திலிருந்து இனிப்புச் செய்து தோற்ற பலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நேயர்களே, வீட்டுப் பழைய ஆழாக்கைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பாட்டியின் கைக்கணக்கு அதற்குள் இருக்கிறது.

அடுப்பும் அப்படித்தான். விறகு அடுப்பையும் குமுட்டியையும் மனத்தில் வைத்து எழுதியவர், ‘தணலில் வைக்கவும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். கேஸ் அடுப்பில் தணல் ஏது? ஈயச் சொம்பில் ரசம் வைத்தபோது அந்தப் பாடம் படித்தோம். ஈயச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். வெறும் சொம்பைத் தீயில் வைத்துவிட்டுப் பெருங்காயத்தைத் தேடப் போனால், திரும்பி வரும்போது அடுப்பில் வெள்ளிக் குட்டை. முதலில் புளித்தண்ணீர், அதன் பிறகே தீ. வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் உடம்புக்கு விஷம்.

இவ்வளவு கேட்ட பிறகு, நாமும் தொடங்கலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் சாப்பாடு மிஞ்சும், பேச்சு குறையும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மாதம் கொடுங்கள். எல்லோரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கிளை நூலகத்தில் சமையல் அலமாரி இருக்கும். வீட்டுப் பரணில் வார இதழ்களோடு வந்த இலவச இணைப்புகள் கட்டுக் கட்டாக இருக்கும், அதுவும் அருமையான வாசிப்பு. அவரவர் பதார்த்தத்தின் செலவு அவரவருடையது. யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். எங்கள் வட்டத்தில் ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். முதல் தடவை புத்தகம் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும். இதில் பூண்டு சேர்த்தால் நன்றாயிருக்குமே என்று கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். எழுதியவரின் நாக்கை ஒரு தடவையாவது அறியாமல் திருத்தம் சொல்வது நியாயமில்லை. இரண்டாம் தடவை உங்கள் இஷ்டம். எங்கே சந்தேகம் வந்தது, எந்த வார்த்தை புரியவில்லை, எத்தனை பேருக்குப் போதுமாக இருந்தது, இதையெல்லாம் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதிய சீட்டை நாங்கள் ஏற்பதில்லை.

ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். நான்கு புத்தகம் முடிந்ததும் பாலக்கரை அக்கா கேட்டார்: “எங்க வீட்டுச் சமையல் எந்தப் புத்தகத்துல இருக்கு டீச்சர்?” எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் எடுத்த பழைய நூல்கள் எல்லாமே ஒரு சில வீடுகளின் சமையல்தான். கருவாட்டுக் குழம்பும், கம்பங்கூழும், குடல் கறியும், நோன்புக் கஞ்சியும் கோடிப் பேர் சாப்பிட்டவை. நாங்கள் புரட்டிய பக்கங்களில் அவற்றுக்கு இடம் இல்லை. அச்சில் ஏறியதை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் நாங்களும் அந்தத் தவறைத் தொடர்வோம். அதனால் இப்போது இரண்டு புத்தகத்துக்கு ஒரு முறை, அச்சில் வராத ஒரு வீட்டுச் சமையலை எடுத்து நாங்களே எழுதுகிறோம்.

அம்மாவின் அதிரசத் தாளையும் வட்டத்தில் வைத்தேன். மாவை மூன்றாகப் பிரித்து மூன்று பாகில் செய்து பார்த்தோம். கம்பிப் பாகில் கொட்டியது எண்ணெயில் கரைந்தது, என் இரண்டு தீபாவளி மாதிரியே. கெட்டிப் பாகில் கொட்டியது கல். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அந்தப் பாகில் கொட்டியதுதான் அதிரசம். தம்பி வெப்பமானி வைத்துப் பார்த்தார், 114 டிகிரி காட்டியது. மாஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்டியிலிருந்து பாகு விழும் சத்தத்தைக் கேட்டே தீயை அணைத்துவிட்டார். மாவை இரண்டு நாள் மூடி வைத்துத் தட்டிப் போட்டோம். வாயில் வைத்ததும், எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், ரேடியோ பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தாளில் அந்தக் காலி இடத்தில் ‘உருட்டு’ என்று பென்சிலால் எழுதினேன்.

வருகிற ஞாயிறு பாலக்கரை அக்கா வீட்டில் நோன்புக் கஞ்சி. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் எந்த வரிசையில் சேரும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும், அவரும் இதுவரை அளந்ததில்லை. அவர் போடப் போடத் தம்பி எழுதப் போகிறார். ஒவ்வொரு கைப்பிடியையும் பானையில் விழும் முன் நான் தராசில் பிடிக்க வேண்டும். “குறுக்க குறுக்க வந்தீங்கன்னா கஞ்சி அடிபிடிச்சிரும்” என்று இப்போதே எச்சரித்திருக்கிறார்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.