ஈரம் காயாதவரை நிற்கும் தேவாலயம்: பாஸ்டன் டிரினிட்டி

வணக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், காப்லி சதுக்கத்தில், 211 அடி உயரக் கோபுரத்துடன் நிற்கும் இந்தக் கற்கட்டடத்தைப் பாருங்கள். இதைத் தாங்குவது பாறை அன்று. நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும் சுமார் 4,500 மரக் கம்பங்கள். அந்த நீர் வற்றினால் கட்டடத்துக்கே ஆபத்து.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் மரபில் வந்த எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த இச்சபை 1733இல் தோன்றியது. 1872 நவம்பரில் பாஸ்டனைச் சூறையாடிய பெருந்தீ அதன் பழைய ஆலயத்தை அழித்தது. அதற்கு முன்பே குருவானவர் பிலிப்ஸ் புரூக்ஸின் சபையார் புதிய மனை வாங்கி, ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற இளம் கட்டடக் கலைஞரையும் தேர்ந்தெடுத்திருந்தனர். புதிய ஆலயம் 1877 பிப்ரவரி 9 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இனி, என்னை வியப்பில் ஆழ்த்திய பகுதிக்கு வருவோம். அந்த மனை இருந்த பேக் பே, சார்லஸ் ஆற்றின் கழிமுகச் சேற்று நிலத்தில் சரளைமண்ணைக் கொட்டி உருவாக்கிய பகுதி. அங்கே கனமான மையக் கோபுரம் எழுப்ப விரும்பிய ரிச்சர்ட்சன், அதன் கீழே 90 அடிக்கு 90 அடி பரப்பில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட மரக் கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கச் செய்தார். ஒவ்வொரு கம்பத்தின் நீளம் என்ன, அதை அடித்த சம்மட்டியின் எடை என்ன, கடைசி அடிகளில் அது எவ்வளவு இறங்கியது என்பதையெல்லாம் குறித்துவைத்தார்கள். கம்பங்களின் மேல், அடியில் 35 அடி அகலமும் 17 அடி உயரமும் கொண்ட நான்கு கருங்கல் பிரமிடுகள் அமர்ந்து, கோபுரத்தின் நான்கு பெருந்தூண்களையும் ஏந்துகின்றன. இக்கட்டடத்தின் ஆகச்சிறந்த கலைப்படைப்பு கண்ணுக்குத் தெரியாத இந்த அடித்தளமே என்பது என் உறுதியான கருத்து.

நீரில் முழுவதும் மூழ்கிய மரத்துக்குக் காற்று கிடைப்பதில்லை. ஆகவே மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் அதில் வளர முடியாது. நீர்மட்டம் இறங்கிக் கம்பத்தின் தலை வெளிப்பட்டால் அழுகல் தொடங்கிவிடும். இது வெறும் அச்சமன்று. இதே சதுக்கத்தின் எதிர்ப்புறம் உள்ள பாஸ்டன் பொது நூலகத்தில் 1929இல் விரிசல்கள் கண்டு தோண்டிப் பார்த்தபோது, கம்பங்கள் அழுகியிருந்தன. நிலத்தடி நீர் குறைந்ததே காரணம்.

மேலே இருப்பதையும் சொல்ல வேண்டும். பிரசங்கம் கேட்போரின் பார்வையை மறைக்கும் தூண்வரிசைகள் இல்லாமல் கிரேக்கச் சிலுவை வடிவில் விரியும் கூடம். ஸ்பெயினின் சலமான்கா பழைய பேராலயத்தை நினைவூட்டும் கோபுரம். ஜான் லா ஃபார்ஜ் தீட்டிய சுவரோவியங்கள். 1885இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் இதையே நாட்டின் மிகச்சிறந்த கட்டடமாகத் தேர்ந்தெடுத்தது முற்றிலும் நியாயமானது.

பெரிய சோதனை பக்கத்து மனையிலிருந்து வந்தது. 1960களின் இறுதியில் 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்துக்காக ஆழமாகத் தோண்டியபோது தடுப்புச் சுவர்கள் உள்நோக்கி வளைந்தன. மண் நகர, தேவாலயத்தின் ஒரு பகுதி தாழ்ந்து சுவர்களில் விரிசல் கண்டது. சபையார் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். ஆனால் இழப்பீட்டைக் கணக்கிட, விற்பனைக்கே வராத ஆலயத்துக்குச் சந்தை விலை ஏது? பழைய நிலைக்கு மீட்க ஆகும் நியாயமான செலவை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று 1987இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேறு எந்த அளவுகோல் பொருத்தமாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.